நடுவயதுக் கன்சோலை வாங்குமுன் அதன் விளையாட்டுத் திட்டத்தைப் படிக்கும் முறை

தீபாவளி முடிந்து நவம்பர் கடைசி வாரத்துத் தள்ளுபடி விற்பனை நெருங்கும் வேளையில், தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பகுதிகளின் தமிழ்க் குடும்பங்களில் ஆண்டுதோறும் ஒரே கேள்வி எழுகிறது: டிசம்பர் பள்ளி விடுமுறைக்குள் பிள்ளைகளுக்கு ஒரு கன்சோல், அதாவது வீடியோ விளையாட்டுக் கருவி, வாங்கிவிடலாமா, அல்லது அடுத்த தலைமுறைக் கருவி வரும்வரை பொறுத்திருக்கலாமா? கேட்பவர்கள் பெரும்பாலும் பெட்டியைப் பற்றியே கேட்கிறார்கள். அதன் வேகம் என்ன, சேமிப்பிடம் எவ்வளவு, புதிய மாதிரி மெலிந்திருக்கிறதா என்பவை ஒரு தலைமுறையின் தொடக்கத்தில் பொருளுள்ள கேள்விகள்தாம். ஆனால் நான்காம், ஐந்தாம் ஆண்டில் பெட்டியைப் பற்றி அறிய வேண்டியதெல்லாம் அறியப்பட்டுவிடுகிறது. அதன் பிறகு நம் பணத்துக்கு என்ன கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பது, அந்தக் கருவிக்காக நிறுவனம் இனிவரும் ஆண்டுகளில் எந்த விளையாட்டுகளை, எந்த வழியாக, என்ன விலைக்குத் தரப்போகிறது என்பது மட்டுமே. இதை எவரும் பொதுவில் கிடைக்கும் தகவல்களைக் கொண்டு ஒரு மாலைப்பொழுதில் கணித்துவிடலாம். அதற்கான வழியையே இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பல ஆண்டுகளுக்கு முன் லே-பை முறையில் மாதாமாதம் கட்டி ஒரு கன்சோலை எடுத்தோம். கடைசித் தவணை கட்டி அதை வீட்டுக்குக் கொண்டுவந்த சில மாதங்களில், அதற்கான புதிய விளையாட்டுகள் கடை அலமாரிகளில் அருகிப்போயின. விலை குறைந்ததைக் கண்டு வாங்கினோமே தவிர, அது ஏன் குறைந்தது என்று யாரும் கேட்கவில்லை. அந்த ஏமாற்றம் பிள்ளைகளின் முகத்தில் தெரிந்ததை நான் மறக்கவில்லை.

விலை இறங்கும்வரை காத்திருப்பது என்ற பழைய அறிவுரை இப்போது பயன்படுவதில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அமெரிக்க விலையில் 2006-இல் 599 டாலர் வரை விற்ற சோனியின் பிளேஸ்டேஷன் 3, 2009-இல் 299 டாலருக்கு இறங்கியது. 2013-இல் 399 டாலராக இருந்த பிளேஸ்டேஷன் 4, மூன்றாண்டுகளில் 299 டாலராயிற்று. இந்தத் தலைமுறையில் நிகழ்ந்தது நேர்மாறானது. 2020-இல் 499 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 5, ஐந்தாண்டு கழித்து 2025 ஆகஸ்டில் 549 டாலராக உயர்ந்தது. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸும் அதே ஆண்டில் 499-இலிருந்து முதலில் 599-க்கும் பிறகு 649-க்கும் ஏற்றப்பட்டது. டாலருக்கு எதிரான ராண்டின் மதிப்பையும் 15 விழுக்காட்டு வாட் வரியையும் சேர்த்துச் செலுத்தும் நமக்கு, பொறுத்திருந்தால் மலிவாகும் என்பதற்கு இனி எந்த உறுதியும் இல்லை.

நடுவயது எது என்று அறிதல்

கன்சோல் தலைமுறை பொதுவாக ஆறிலிருந்து எட்டு ஆண்டுகள் நீடிக்கிறது. நின்டெண்டோவின் வீ என்ற கருவி 2006-இல் வந்தது, அடுத்த கருவி 2012-இல். பிளேஸ்டேஷன் 4 வந்தது 2013-இல், அடுத்தது 2020-இல். நின்டெண்டோவின் ஸ்விட்ச் வந்தது 2017 மார்ச்சில், ஸ்விட்ச் 2 வந்தது 2025 ஜூனில். ஆகவே வெளியீட்டு நாளிலிருந்து மூன்றாண்டு கடந்த கருவியை நடுவயதுக்காரராகக் கருதலாம். அதே தலைமுறைக்குள் மேம்படுத்திய மாதிரி ஒன்று வருவதும் ஓர் அடையாளம்: 2016 நவம்பரில் பிளேஸ்டேஷன் 4 ப்ரோ, 2017 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸ், 2021 அக்டோபரில் ஓலெட் திரையுடன் கூடிய ஸ்விட்ச்.

இவற்றைவிட நம்பத்தக்கது, நிறுவனம் தன் பங்குதாரர்களிடம் சொல்வது. 2022 பிப்ரவரியில் நின்டெண்டோவின் தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா, ஸ்விட்ச் தன் வாழ்நாளின் நடுப்பகுதியில்தான் இருக்கிறது என்றார். அப்போது அதற்கு ஐந்து வயது முடியும் தறுவாய். 2024 பிப்ரவரியில் சோனி, பிளேஸ்டேஷன் 5 தன் வாழ்நாளின் பிற்பகுதிக்குள் நுழைகிறது என்று அறிவித்தது. விளம்பரத்தில் எதையும் சொல்லலாம், ஆனால் முதலீட்டாளரிடம் சொல்லும் சொல்லுக்குச் சட்டப் பொறுப்பு உண்டு. அதனால்தான் விளையாட்டுச் செய்திகளைவிட நிதி அறிக்கைகளை நான் முதலில் புரட்டுகிறேன்.

பெட்டியின் கணக்கையும் விளையாட்டின் கணக்கையும் அருகருகே வைத்தல்

இதுவே இந்த வேலையின் மையம். இதற்குத் தாராளமாக நேரம் ஒதுக்கவும். நின்டெண்டோ ஒவ்வொரு காலாண்டும் தன் முதலீட்டாளர் பக்கத்தில், எத்தனை கருவிகள் விற்றன, எத்தனை விளையாட்டுகள் விற்றன என்ற இரு எண்களையும் வெளியிடுகிறது. அவர்களுடைய நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. ஒரு தாளில் இரு வரிசைகள் போட்டு, கருவி விற்பனை உச்சத்தைத் தொட்ட ஆண்டையும் அதற்கு அடுத்த மூன்று ஆண்டுகளையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் வீயை எடுத்துக்கொள்வோம். 2009 மார்ச்சில் முடிந்த ஆண்டில் 2 கோடியே 59 லட்சம் கருவிகளும் 20 கோடியே 45 லட்சம் விளையாட்டுகளும் விற்றன. மூன்றாண்டு கழித்து, 2012 மார்ச்சில் முடிந்த ஆண்டில், கருவிகள் 98 லட்சமாகவும் விளையாட்டுகள் ஏறத்தாழ 10 கோடியே 23 லட்சமாகவும் சரிந்தன. அதாவது கருவியின் விற்பனை விழுந்தபோது விளையாட்டின் விற்பனையும் கூடவே பாதியாக விழுந்தது. வாங்கி வைத்திருந்தவர்கள் அதைப் பயன்படுத்துவதைக் குறைத்துக்கொண்டார்கள் என்பதே இதன் பொருள்.

இப்போது ஸ்விட்சைப் பாருங்கள். அதன் உச்சம் 2021 மார்ச்சில் முடிந்த ஆண்டு: 2 கோடியே 88 லட்சம் கருவிகள், 23 கோடியே 8 லட்சம் விளையாட்டுகள். அடுத்த ஆண்டில் கருவிகள் 2 கோடியே 30 லட்சமாகக் குறைந்தன. விளையாட்டுகளோ 23 கோடியே 50 லட்சமாகக் கூடின. 2024 மார்ச்சில் முடிந்த ஆண்டில் கருவி விற்பனை உச்சத்தில் ஏறக்குறைய பாதியாகி 1 கோடியே 57 லட்சத்தில் நின்றபோதும், விளையாட்டு விற்பனை ஏறத்தாழ 20 கோடியாக இருந்தது. பெட்டி வாங்குவோர் குறைந்தார்கள். ஆனால் ஏற்கெனவே வாங்கியவர்கள் விடாமல் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். ஒரு நடுவயதுக் கருவி நலமாக இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இதையே இன்னொரு வகையிலும் கணக்கிடலாம். தொடக்கம் முதல் விற்ற மொத்த விளையாட்டுகளை மொத்தக் கருவிகளால் வகுத்தால், ஒரு கருவிக்கு எத்தனை விளையாட்டு என்ற விகிதம் கிடைக்கும். ஸ்விட்சுக்கு 2019 மார்ச் இறுதியில் 3 கோடியே 47 லட்சம் கருவிகளுக்கு 18 கோடியே 75 லட்சம் விளையாட்டுகள் விற்றிருந்தன, விகிதம் 5.4. அது 2022 மார்ச் இறுதியில் 7.6 ஆகவும், 2024 மார்ச் இறுதியில் 8.7 ஆகவும் உயர்ந்தது. இந்த விகிதம் ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறதா என்று பார்க்கவும். ஏற்றம் நின்றுவிட்டால், வாங்கும் முடிவை அடுத்த அறிக்கை வரும்வரை தள்ளிவையுங்கள்.

சோனியும் தன் காலாண்டு இணைப்பேடுகளில் இத்தகைய எண்களைத் தருகிறது. முழு விளையாட்டுகளில் எத்தனை விழுக்காடு தரவிறக்கமாக விற்றது என்பதும் அதில் இருக்கும். மைக்ரோசாஃப்ட் 2015-க்குப் பிறகு கருவிகளின் எண்ணிக்கையை வெளியிடுவதில்லை. ஓர் எண்ணைச் சொல்வதை நிறுத்துவதும் நமக்கு ஒரு தகவல்தான்: அவர்கள் இப்போது அளந்து பார்க்க விரும்புவது பெட்டியை அன்று, மாதக் கட்டணம் கட்டிப் பல விளையாட்டுகளை ஆடும் சந்தாவை.

பட்டியலில் எது விளைச்சல், எது மறுதாம்பு

நம் முன்னோர் 1860 முதல் நேட்டாலின் கரும்பு வயல்களில் உழைத்தவர்கள். ஆகவே மறுதாம்பு என்றால் என்னவென்று இங்கே பல வீடுகளில் விளக்க வேண்டியதில்லை. புதிதாகக் கரணை நடாமல், வெட்டிய கட்டையிலிருந்தே மீண்டும் தழைக்கும் பயிர் அது. செலவு குறைவு, ஆனால் உரமிடாவிட்டால் ஒவ்வொரு வெட்டுக்கும் விளைச்சல் இறங்கும். நடுவயதுக் கன்சோலின் வெளியீட்டுப் பட்டியலும் இத்தகையதே. அதில் புதிய விளையாட்டுகள் இருக்கும், பழைய விளையாட்டுகளின் மெருகேற்றிய மறுபதிப்புகள் இருக்கும், ஏற்கெனவே விற்றவற்றுக்கான கூடுதல் பகுதிகள் இருக்கும். அடுத்த பன்னிரண்டு மாதப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இந்த மூன்றில் எது என்று குறிக்கவும்.

மறுதாம்பு எல்லாம் மோசமானதன்று. மாரியோ கார்ட் 8 டீலக்ஸ் என்பதே 2014-இல் முந்தைய கருவிக்கு வந்ததன் விரிவுபடுத்திய பதிப்பாக 2017 ஏப்ரலில் வெளியானது. அதற்கு அடுத்த பாகத்தை ஸ்விட்சில் வெளியிடாமல், 2022 மார்ச் முதல் 2023 நவம்பர் வரை ஆறு தவணைகளாக 48 பந்தயப் பாதைகளைச் சேர்த்தார்கள். தனியாக வாங்கினால் ஏறத்தாழ 25 டாலர். நின்டெண்டோவின் விரிவுபடுத்திய இணையச் சந்தா வைத்திருப்போருக்கு அது சந்தாவுக்குள்ளேயே கிடைத்தது. 2022 மார்ச் இறுதியில் 4 கோடியே 53 லட்சமாக இருந்த அந்த விளையாட்டின் விற்பனை, இரண்டே ஆண்டில் 6 கோடியே 19 லட்சமாயிற்று. ஐந்தாம் ஆண்டில் கருவி வாங்கிய ஒரு குடும்பத்துக்கு இது நிறைவான ஏற்பாடு: நான்கு பேர் சேர்ந்து விளையாடக்கூடிய ஒரு விளையாட்டு, மேலும் இரண்டாண்டுக்கு உரமிடப்பட்டது.

இதற்கு மாறாக, பட்டியல் முழுவதும் மறுபதிப்புகளாகவே நிறைந்திருந்தால், நிறுவனத்தின் ஸ்டூடியோக்கள் அடுத்த கருவிக்கான வேலையில் இறங்கிவிட்டன என்று ஐயப்பட வேண்டும். மறுபதிப்பு உங்களுக்குப் புதியதா என்பதையும் பாருங்கள். 2024-இல் வந்த ஹொரைசன் ஜீரோ டான் மறுபதிப்பை, பழையதை வைத்திருந்தவர்கள் 10 டாலர் கட்டிப் பெற முடிந்தது. முதல்முறை வாங்குபவருக்கு அது முழு விளையாட்டு. ஏற்கெனவே ஆடி முடித்தவருக்குப் படம் மட்டும் தெளிவாகிறது.

பெரிய விளையாட்டு ஒன்றை உருவாக்க இப்போது நான்கைந்து ஆண்டுகள் பிடிக்கின்றன. அதனால் தலைமுறையின் முதல் ஆண்டில் தொடங்கிய வேலை நான்காம், ஐந்தாம் ஆண்டில்தான் கடைக்கு வருகிறது. பிளேஸ்டேஷன் 4-க்கு ஹொரைசன் ஜீரோ டான் 2017 பிப்ரவரியிலும், காட் ஆஃப் வார் 2018 ஏப்ரலிலும், ஸ்பைடர்-மேன் 2018 செப்டம்பரிலும் வந்தன. அதே 2018-இல் சோனி தன் பழைய வெற்றிகளை பிளேஸ்டேஷன் ஹிட்ஸ் என்ற வரிசையில் அமெரிக்க விலையில் 20 டாலருக்குக் கொடுத்தது. புதியதும் வந்துகொண்டிருந்தது, பழையதும் மலிந்துகொண்டிருந்தது. கன்சோல் வாங்க அதைவிட ஏற்ற காலம் அரிது. உங்கள் கருவியின் பட்டியலில் இவ்விரண்டும் சேர்ந்து தெரிந்தால் தயங்காதீர்கள்.

வறட்சி ஆண்டு வருவதையும் முன்கூட்டியே அறியலாம். 2024 பிப்ரவரியில் சோனி, 2025 மார்ச் வரை தன் பெரிய தொடர்களில் புதியது எதுவும் இல்லை என்று வெளிப்படையாகவே அறிவித்தது. அந்த இடைவெளியில் ஆஸ்ட்ரோ பாட் என்ற அருமையான விளையாட்டு 2024 செப்டம்பரில் வந்தது உண்மைதான். ஆனால் அந்த ஆண்டு வாங்குவதா, அடுத்த ஆண்டு வாங்குவதா என்று தயங்கியவர்களுக்கு அந்த ஒற்றை வாக்கியமே போதிய வழிகாட்டி.

அறிவிப்புக்கும் பொருளுக்கும் உள்ள தொலைவையும் கணக்கில் கொள்ளவும். இணையத்தில் தொடர்ந்து நடத்தப்படும் நேரலை விளையாட்டுகள் பன்னிரண்டை 2026 மார்ச்சுக்குள் வெளியிடுவதாக 2022-இல் சோனி கூறியது. 2023 நவம்பரில் அதைப் பாதியாகக் குறைத்தது. அவற்றில் ஹெல்டைவர்ஸ் 2, 2024 பிப்ரவரியில் வெளியாகி பன்னிரண்டு வாரங்களில் 1 கோடியே 20 லட்சம் பிரதிகள் விற்றது. அதே ஆண்டு ஆகஸ்ட் 23-இல் வந்த கான்கார்ட், இரண்டே வாரத்தில், செப்டம்பர் 6-இல் நிறுத்தப்பட்டு, வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது. ஆகவே வெளியீட்டு நாள் குறிக்கப்பட்டவற்றை மட்டும் உங்கள் தாளில் முழுதாக எண்ணுங்கள். ஆண்டு மட்டும் சொல்லப்பட்டதைப் பாதியாக எண்ணுங்கள். பெயரும் படமும் மட்டும் காட்டப்பட்டதை எண்ணவே வேண்டாம்.

சந்தாவும் பிற கருவிகளும்

மைக்ரோசாஃப்ட் 2017 ஜூனில் கேம் பாஸ் சந்தாவைத் தொடங்கி, 2018 ஜனவரியில் தன் சொந்த விளையாட்டுகள் எல்லாம் வெளியாகும் நாளிலேயே அதில் சேரும் என்று அறிவித்தது. கருவி விற்பனையில் பின்தங்கிய நிறுவனம் எடுத்த துணிச்சலான முடிவு அது. 2023 அக்டோபரில் ஏறத்தாழ 6,900 கோடி டாலருக்கு ஆக்டிவிஷன் பிளிசார்டை வாங்கியதும் இதே திசையில் வைத்த அடிதான். ஆனால் 2025 அக்டோபரில் இந்தச் சந்தாவின் உயர்மட்ட விலை அமெரிக்காவில் மாதம் 20 டாலரிலிருந்து 30 டாலராக உயர்த்தப்பட்டது. சந்தாவை நம்பிக் கருவி வாங்குபவர், இன்றைய கட்டணத்தை மட்டும் வைத்துக் கணக்கிடக் கூடாது. மூன்றாண்டுச் சந்தாத் தொகையைப் பெட்டியின் விலையோடு கூட்டி, அதே தொகைக்கு எத்தனை விளையாட்டுகளை வட்டாகவே வாங்கலாம் என்று பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஆண்டுக்கு நான்கு விளையாட்டுக்கு மேல் ஆடாத வீட்டுக்குச் சந்தா மிச்சம் தராது என்பது என் கணிப்பு.

அடுத்து, அந்த நிறுவனத்தின் விளையாட்டுகள் வேறெங்கு கிடைக்கின்றன என்று பாருங்கள். எக்ஸ்பாக்ஸின் சொந்த விளையாட்டுகள் நான்கு 2024-இல் பிற கருவிகளுக்குச் சென்றன. 2025 ஏப்ரலில் ஃபோர்சா ஹொரைசன் 5 பிளேஸ்டேஷன் 5-க்கே வந்துவிட்டது. சோனியின் கதை விளையாட்டுகள் பல, 2020 முதல், ஓராண்டோ அதற்கு மேலோ கழித்துக் கணினிக்கு வந்திருக்கின்றன. நின்டெண்டோ தன் விளையாட்டுகளைக் கணினிக்குத் தருவதில்லை. வீட்டில் ஏற்கெனவே நல்ல கணினி இருந்தால், கணினியில் கிடைக்காதவற்றைத் தரும் கருவியையே இரண்டாவதாக வாங்குவது முறை. கணினி இல்லாத வீட்டுக்கு இந்தக் கணக்கே வேறு.

நடுவயதில் வாங்குபவருக்கு நான் மிகவும் வற்புறுத்திச் சொல்வது, இப்போது வாங்கும் விளையாட்டு அடுத்த கருவியில் ஓடுமா என்பதைத்தான். பிளேஸ்டேஷன் 3-இன் வட்டுகள் பிளேஸ்டேஷன் 4-இல் ஓடவில்லை. சேர்த்துவைத்ததெல்லாம் அந்தப் பெட்டியோடு நின்றது. பிளேஸ்டேஷன் 4-இன் விளையாட்டுகளில் மிகப் பெரும்பாலானவை பிளேஸ்டேஷன் 5-இலும், ஸ்விட்சின் விளையாட்டுகளில் பெரும்பாலானவை ஸ்விட்ச் 2-இலும் ஓடுகின்றன. இவ்வாறு தொடரும் கருவிக் குடும்பத்தில் ஐந்தாம் ஆண்டில் நுழைவது இழப்பன்று.

டர்பனில் கவனிக்க வேண்டியவை

நம் வீடுகளில் ஒரு வட்டு ஒரு வீட்டில் நிற்பதில்லை. சாட்ஸ்வர்த்தில் பெரியப்பா பிள்ளைகள் ஆடி முடித்தது ஃபீனிக்ஸுக்குச் செல்கிறது, அங்கிருந்து அத்தை வீட்டுக்கு. தரவிறக்கிய விளையாட்டை இப்படிக் கைமாற்றவோ பழைய பொருளாக விற்கவோ முடியாது. நிறுவனங்களின் திட்டமோ தரவிறக்கத்தை நோக்கியே செல்கிறது: பிளேஸ்டேஷன் 5 ப்ரோ வட்டு இயக்கி இல்லாமலே விற்கப்படுகிறது, ஸ்விட்ச் 2-க்கு வரும் சில அட்டைகளில் விளையாட்டே இருப்பதில்லை, அதைத் திறக்கும் சாவி மட்டுமே இருக்கும், மற்றதை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். ஃபைபர் இணைப்பு இல்லாமல் கைப்பேசி டேட்டாவை நம்பியிருப்பவர்கள், அட்டையின் உறையில் இதற்கான குறிப்பு இருக்கிறதா என்று கடையிலேயே படித்துவிடவும். 2023-இல் லோட் ஷெட்டிங் எனப்படும் சுழற்சி மின்வெட்டு ஏறக்குறைய நாள்தோறும் இருந்தபோது, எப்போதும் இணைப்பில் இருக்க வேண்டிய விளையாட்டுகள்தாம் முதலில் பயனற்றுப்போயின. இன்வெர்ட்டர் கன்சோலுக்கு மின்சாரம் கொடுத்தாலும், பக்கத்துக் கைப்பேசிக் கோபுரம் அணைந்துவிட்டால் அவற்றை ஆட முடியாது.

பிளேஸ்டேஷன் கணக்கைத் தொடங்கும்போது நாட்டைச் சரியாகத் தேர்ந்தெடுக்கவும். பிறகு அதை மாற்ற முடியாது. ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் குடியேறிய உறவினர் அன்போடு வாங்கி அனுப்பும் வட்டு இங்கே ஓடும். ஆனால் அதற்கான கூடுதல் பகுதிகளை நம் நாட்டுக் கணக்கில் வாங்கினால் பொருந்தாமல் போகக்கூடும். கூடுதல் பகுதிகளே நடுவயதின் முக்கியப் பயிர் என்பதால் இது சிறிய செய்தியன்று.

லே-பை எடுப்பவர்கள் நாள்களை இவ்வாறு அமைத்துக்கொள்ளலாம். மே மாதத்தில் நின்டெண்டோவும் சோனியும் ஆண்டு அறிக்கை வெளியிடுகின்றன. அதைப் பார்த்து விகிதத்தைக் கணக்கிட்ட பிறகு முதல் தவணையைக் கட்டுங்கள். கடைசித் தவணை நவம்பர் நடுவில் விழும்படி ஒப்பந்தம் செய்யுங்கள். இரு நிறுவனங்களின் அரையாண்டு எண்களும் நவம்பர் முதல் பாதியிலேயே வந்துவிடும். கருவி விற்பனை சரிந்து, அதோடு விளையாட்டு விற்பனையும் சரிந்திருந்தால், பொருள் இன்னும் கடையில்தான் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி லே-பையை நீங்கள் முறித்துக்கொள்ளலாம். சிறிய கழிவு போக, கட்டிய பணம் திரும்பி வரும்.